ஊதா நிறத் தண்ணீர்

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. பசுமலைக்குப் பின்னால் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். சோப்பு நுரைக்காது. பருப்பு வேக நேரமாகும். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். அதனால் எங்கள் தெருவில் தண்ணீரைப் பற்றி யார் பேச வந்தாலும் நாற்காலி போட்டுக் கேட்பார்கள். பால்பாண்டி வந்தபோதும் அப்படித்தான் கேட்டார்கள். அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஐயா, ஜெனியின் கணவன் என்ற முறையில் நேற்று என்னை விசாரித்தீர்கள். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது வரும் என்றேன். ஒரு நாள் அவகாசம் தந்தீர்கள். நன்றி.

என் பெயர் ஆல்பின். வயது முப்பத்தொன்று. வேதியியலில் எம்.எஸ்ஸி. ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் வேலை. மாணவர்களுக்குக் கரைசல் தயாரித்துக் கொடுப்பது, அவர்கள் சோதனை செய்யும்போது பக்கத்தில் நிற்பது, ரெக்கார்டு நோட்டைத் திருத்துவது. ஜெனி மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. இறக்கும்போது இருபத்தொன்பது.

அவளுக்குப் பதின்மூன்று வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. இது பெரியவர்களுக்கு வருகிற வகை இல்லை. உடம்பில் இன்சுலின் துளியும் சுரக்காது. மாத்திரையால் ஓட்ட முடியாது. ஊசி நின்றால் ஒரு வாரம் தாங்குவது கஷ்டம். இது எனக்குத் தெரியுமா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. தெரியும். நிச்சயத்துக்கு முன்பே அவள் அண்ணன் ஜூடு திருமங்கலத்தில் அவர்கள் வீட்டு மொட்டை மாடிக்கு என்னைக் கூட்டிப்போய், மருந்தை ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டில் வைப்பது என்பதுவரை விளக்கினார். “ஊசிய மட்டும் விட்றக் கூடாது மாப்ள. அவ மறந்தாலும் நீங்க மறந்துறக் கூடாது” என்றார்.

நான் ஒரு நாள்கூட மறக்கவில்லை.

பால்பாண்டியை முதலில் பார்த்தது ஏப்ரலில். எங்கள் சபையில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை பெண்கள் ஐக்கியக் கூட்டம் நடக்கும். பாட்டு, ஜெபம், சாட்சி, டீ. அன்று டீக்குப் பதிலாக பால்பாண்டி. ஐக்கியத்தின் செயலாளர் ஷெரின் அவரிடம் தண்ணீரைக் காரமாக மாற்றுகிற மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். இன்னும் நான்கு பேரைச் சேர்த்துவிட்டால் அவருக்கும் ஏதோ உண்டு. கணவர்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். பால்பாண்டிக்கு ஊர் அவனியாபுரம். அதற்கு முன் இன்சூரன்ஸ் பாலிசி பிடித்துக்கொண்டிருந்தாராம். சபைக்குள் எல்லோரையும் பிரதர், சிஸ்டர் என்பார். வாசல் தாண்டியதும் அண்ணே, அக்கா.

மேஜையில் மூன்று கண்ணாடி டம்ளர் வைத்தார். ஒன்றில் கடையில் வாங்கிய கூல் டிரிங்க்ஸ், ஒன்றில் சபைக் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவர் மெஷின் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். முதலாவது மஞ்சளானது. இரண்டாவது பச்சை. மூன்றாவது நல்ல ஊதா. பெண்கள் பக்கமிருந்து ஒரு முனகல் எழுந்தது. உடம்பில் அமிலம் ஏறுவதுதான் எல்லா நோய்க்கும் வேர் என்றார். சர்க்கரை, மூட்டுவலி, தைராய்டு, புற்றுநோய்வரை பெயர் சொன்னார். காரத் தண்ணீர் ரத்தத்தைக் கழுவிவிடுமாம்.

நான் எழுந்தேன். இது நிறங்காட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற சோதனை என்றேன். வயிற்றில் இருப்பதே கடுமையான அமிலம், எந்தத் தண்ணீர் உள்ளே போனாலும் அங்கேயே அதன் காரம் முடிந்துவிடும், ரத்தத்தின் அமில அளவை நுரையீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, தண்ணீரிடம் அந்த வேலை ஒப்படைக்கப்படவில்லை என்றேன். நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

பால்பாண்டி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “சார் நெறையப் படிச்சிருக்காக. நான் எட்டாங் கிளாசு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் பிரதர். வீட்ல சிஸ்டருக்குப் பதினாறு வருசமா சுகர் இருக்குன்னு சொன்னாக. ஒங்க படிப்பு அதுல எம்புட்டுக் கொறச்சிருக்கு?”

ஹால் முழுக்கச் சிரித்தது. மரியாதையான சிரிப்புதான். ஜெனியும் சிரித்தாள். அதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லும்போது விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வீட்டில் இரண்டு முறை அவளுக்கு விளக்கினேன். ஒரு முறை வாயால், ஒரு முறை தாளில் படம் போட்டு. படத்தைப் பார்த்துவிட்டு, “லேப் சாருக்கு எல்லாத்துலயும் ஒரு டவுட்டு. ஒரு நாளைக்கு நாலு தடவ குத்திக்கிறது நானா நீங்களா?” என்றாள். மூன்றாம் முறை நான் விளக்கவில்லை. எதையும் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

மே மாதம் அவள் சம்பளத்தில் மெஷின் வந்தது. சமையலறைச் சுவரில், எங்கள் கல்யாணக் காலண்டர் தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில் பால்பாண்டியே வந்து மாட்டினார். அதோடு ஒரு அட்டையும் கொடுத்தார். எந்த வாரம் எத்தனை லிட்டர் குடிப்பது, அதற்கேற்ப இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று அதில் அச்சடித்திருந்தது. அவள் போட்டுக்கொண்டிருந்தது நாளுக்கு முப்பத்தாறு யூனிட். வாரத்துக்கு நான்கு குறைப்பது. அப்படிப் போனால் ஜூலை ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊசியே இல்லை. அந்த அட்டையை நேற்று உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.

விரலில் குத்திப் பார்ப்பதையும் பால்பாண்டி விடச் சொல்லியிருந்தார். பார்த்தால் பயம், பயம் வந்தால் அமிலமாம். அவள் விட்டுவிட்டாள். ஆனால் அளவு இல்லாமல் எதையும் பேச முடியாது. ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அவள் நன்றாகத் தூங்குவாள். பதினாறு வருடம் குத்திய விரல். நுனியில் தோல் காய்த்துப்போய் உணர்ச்சி குறைவு. வாரத்துக்கு ஒரு முறை நான் குத்தி எடுத்து எழுதினேன். அவள் ஒரு முறையும் விழிக்கவில்லை. மே பதினொன்று, 178. அதற்கடுத்த வாரம் 214. ஜூன் தொடக்கத்தில் முந்நூறைத் தொட்டது. மெஷின் சரியாக ஓடிக்கொண்டிருந்த நாட்கள் இவை. நோட்டில் எல்லாம் தேதியோடு இருக்கிறது.

இந்த அளவுகளை அவளிடம் காட்டியிருக்கலாமே என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. காட்டியிருந்தால் அவள் பால்பாண்டிக்கு போன் போடுவாள். அவரிடம் ஒரு பதில் இருக்கும். அவரிடம் எப்போதும் ஒரு பதில் இருந்தது. அதைக் கேட்டு அவள் தலையாட்டுவாள். நான் மறுபடியும் தாளில் படம் போட வேண்டும். ஒரு வாயை இன்னொரு வாயால் அடைக்க முடியாது ஐயா. முடிவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஜூன் பதினான்காம் தேதி ஐக்கியக் கூட்டத்தில் ஜெனி சாட்சி சொன்னாள். எங்கள் சபைகளில் இது வழக்கம். நோய் தீர்ந்தவர்கள், வேலை கிடைத்தவர்கள் எழுந்து நின்று எல்லோர் முன்பும் சொல்வார்கள். ஒரு தடவை சாட்சி சொல்லிவிட்டால் அதிலிருந்து பின்வாங்குவது லேசில்லை. பின்வாங்கினால் விசுவாசத்தில் குறை என்று ஜாடையாகப் பேசுவார்கள். கர்த்தர் இந்தத் தண்ணீரைக் கொண்டு தனக்குச் சுகம் தந்தார், ஊசி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்றாள். கைதட்டினார்கள். அடுத்த மாதம் ஊசியே இல்லாமல் வந்து நிற்பேன் என்று தேதியோடு சொன்னாள். ஜூலை பன்னிரண்டு. பால்பாண்டி கடைசி வரிசையில் உட்கார்ந்து அதை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. மிக எளிமையானது.

மறுநாள் ஞாயிறு காலை. ஜெனி சண்டே ஸ்கூல் நடத்தப் போயிருந்தாள். நான் மெஷினைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்மூடியைத் திறந்தேன். தண்ணீரைப் பிரிக்கிற தகடுகளுக்குப் போகும் இரண்டு வயரைக் கழற்றி டேப் சுற்றினேன். பட்டனைத் தொட்டால் நீல விளக்கு எரியும். வழக்கம்போல் சின்னதாக ராகம் பாடும். தண்ணீர் மட்டும் உள்ளே போன மாதிரியே வெளியே வரும். அவள் தினமும் காலையில் பால்பாண்டி தந்த குப்பியிலிருந்து சொட்டு விட்டு நிறம் பார்ப்பாள். அதனால் அந்தக் குப்பியில் இருந்ததைக் கொட்டிவிட்டு, எந்தத் தண்ணீரில் விட்டாலும் ஊதா காட்டுகிற சாயம் ஒன்றை ஊற்றினேன்; அதை விடிந்ததுமே ஆய்வகத்துக்குப் போய் எடுத்துவந்திருந்தேன். இருபது நிமிட வேலை. அவள் வருவதற்குள் அடுப்பில் குக்கர் வைத்து இரண்டு விசிலும் வந்திருந்தது.

ஜூன் பதினைந்திலிருந்து ஜூலை பன்னிரண்டு, சரியாக நான்கு வாரம். அந்தக் கூட்டத்தில் அவள் எழுந்து தண்ணீரின் மகிமையைச் சொல்லி முடித்ததும் நானும் எழுவேன். இவள் ஒரு மாதமாகக் குடித்தது உங்கள் குழாயில் வருகிற அதே தண்ணீர்தான் என்று சொல்லி, அந்த இரண்டு வயரையும் மேஜையில் வைப்பேன். ஒரு வரிதான் பேச வேண்டியிருக்கும். அதைப் பல முறை மனத்தில் சொல்லிப் பார்த்திருந்தேன். எங்கே நிறுத்துவது என்பதுகூட முடிவாகியிருந்தது.

மறுநாள் காலை டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னைக்குத் தண்ணி இனிப்பா இருக்குல்ல?” என்றாள். எழுதிவைத்தேன்.

அவளுக்குத் தாகம் கூடியது. நான்கு லிட்டர் குடித்தவள் ஆறு குடித்தாள். அட்டையில் போட்டதைவிட அதிகம் குடிக்கிறோம் என்று அவளுக்குப் பெருமை. அடிக்கடி பாத்ரூம் போனாள். கழிவு போகிறது என்றாள். எடை இறங்கியது. பள்ளியில் தமிழ்ச்செல்வி டீச்சர், ரவிக்கையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டும்போல இருக்கிறதே என்று சொன்னதை வந்து என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். சர்க்கரை கட்டுமீறிப் போனவர்களுக்கு என்னென்ன வருமோ அதெல்லாம் வரிசையாக வந்தது. பால்பாண்டியின் அட்டையில் அதெல்லாம் நல்ல அறிகுறி என்று அச்சாகியிருந்தது. ஒரே பட்டியல்தான். தலைப்பு மட்டும் வேறு.

ஜூன் கடைசியில் ஜூடு வந்தார். உள்ளே வந்தவர் செருப்பைக் கழற்றியபடியே தங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என்ன மாப்ள, இவ இம்புட்டு மெலிஞ்சு கெடக்கா? ஊசியெல்லாம் ஒழுங்கா நடக்குதா?”

ஜெனி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லாதீர்கள் என்று கண்ணால் என்னிடம் கெஞ்சினாள்.

“எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. “நீங்க இருக்கையில எனக்கென்ன” என்று சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார். நான் பொய் சொல்லவில்லை.

ஜூலை ஆறு, ஞாயிறு. அன்று அவள் ஊசியை முழுதாக விட்டாள். மதியம் குத்திப் பார்த்தேன். கருவியில் எண் வரவில்லை. அறுநூறுக்கு மேல் போனால் அது எண் காட்டாது, மிக அதிகம் என்பதற்கு இரண்டு எழுத்து மட்டும் காட்டும். அந்த இரண்டு எழுத்தையும் அப்படியே எழுதினேன்.

புதன்கிழமை கல்லூரியிலிருந்து வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள். குனிந்து என்னவென்று கேட்டேன். அவள் மூச்சில் ஒரு வாசனை. பழம் கனிந்து உடைந்தாற்போல, நகப்பூச்சு அழிக்கிற திரவம்போல. அசிட்டோன். பத்து வருடமாக அதோடு புழங்குகிறேன். எனக்குச் சந்தேகம் வர வழியில்லை. இன்சுலின் இல்லாத உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கிவிட்டது, ரத்தம் அமிலமாகிறது என்று அர்த்தம். சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. தாங்கும் என்று நினைத்தேன். இந்த இடத்தில் என் கணக்கு தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

வியாழன் காலையில் வாந்தி. பள்ளிக்கு லீவு சொன்னாள். பால்பாண்டிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “பயப்படாதீக சிஸ்டர், பதினாறு வருசத்து நஞ்சு வெளியேறுது, ரெண்டு நாளைக்கு அப்படித்தேன் இருக்கும். இன்னும் ரெண்டு லிட்டர் கூட்டுங்க” என்றார். அவர் இப்படிச் சொல்லவே இல்லை என்று உங்களிடம் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். சொன்னார். நான் பக்கத்தில் நாற்காலியில் இருந்தேன்.

போனை வைத்துவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். இன்சுலின் பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, முடியல. ஒரே ஒரு ஊசி போட்டுக்கிரட்டா?”

இரண்டரை மாதத்தில் அவள் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. ஆய்வகத்தில் மாணவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. சொட்டு விட ஆரம்பித்தால் நிறம் மாறும்வரை குடுவையில் வேறெதையும் கலக்கக் கூடாது. கலந்தால் அதுவரை செய்தது அத்தனையும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் ஊசி போட்டால் சனிக்கிழமை எழுந்து நின்று எதைச் சாட்சி சொல்வாள்? சொல்ல மாட்டாள். அவள் சொல்லாவிட்டால் எனக்கு எழுவதற்கு வேலை இல்லை.

“நாளான்னைக்குச் சாட்சி சொல்றேன்னு சொல்லிருக்க. அப்புறம் உன் இஷ்டம்” என்றேன்.

உன் இஷ்டம் என்று தெளிவாகத்தான் சொன்னேன். அவள் பேனாவைத் திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை நானும் லீவு போட்டேன். பன்னிரண்டு மணி வாக்கில் மூச்சு ஆழமாக, வேகமாக வாங்க ஆரம்பித்தது. கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பினாள். ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளில் பிஹெச் 6.87 என்று இருந்தது. ஏழுக்குக் கீழே. அமிலம். பால்பாண்டி ஏப்ரலில் சொன்னது அன்று ஒரு நாள் மட்டும் உண்மையாகியிருந்தது. பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். எப்போதிலிருந்து ஊசி போடவில்லை என்று கேட்டார். ஆறாம் தேதியிலிருந்து, அதற்கு முன் வாரம் நான்கு யூனிட், அதற்கு முந்தின வாரம் எட்டு என்று சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவ்வளவு கரெக்டாத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு என்ன சார் பண்ணிக்கிட்டிருந்தீங்க?” என்றார். நாலரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இருபத்தேழாம் நாள். ஒரு நாள் குறைந்துபோனது.

ஜூடு புகார் கொடுத்தார். பால்பாண்டியைக் கைது செய்தீர்கள். அவர் உள்ளே இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊசியைக் குறைக்கச் சொன்னது அவர். ஆனால் முதல் தகவல் அறிக்கையின் நகலை ஜூடு காட்டினார். அதில் ‘மேற்படி காரத் தண்ணீரைத் தொடர்ந்து அருந்தியதால் உடல்நலம் குன்றி’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். அந்த வரி தவறு. அந்தத் தண்ணீருக்கு ஆளைக் கொல்கிற சக்தியும் இல்லை, காப்பாற்றுகிற சக்தியும் இல்லை. இருக்கிறது என்று அரசாங்கக் காகிதத்திலேயே எழுதிவிட்டால் நாளைக்கு அவரே அதைக் காட்டித் திரிவார். தண்ணீர் நின்றதால்தான் செத்தாள் என்று அவர் வக்கீல் சொல்லக்கூடும். அதற்கு மே மாத அளவுகள் பதில். மெஷின் சமையலறையில் அப்படியே தொங்குகிறது. பின்மூடியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள். மற்றபடி என்மேல் என்ன பிரிவு போடுவது என்பது உங்கள் வேலை. நான் மறுக்கப்போவதில்லை.

கடைசியாக எங்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்பது உங்கள் மூன்றாவது கேள்வி. ஜூடிடம் இதைச் சொல்லவில்லை.

பழங்காநத்தம் ரவுண்டானாவில் ஒரு லாரி குறுக்கே நின்று ஆட்டோ கொஞ்ச நேரம் நகரவில்லை. ஜெனி என் தோளில் சாய்ந்திருந்தாள். நாக்கு வறண்டு உதட்டில் ஒட்டியது. தண்ணீர் கேட்டாள். பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டுபோனேன். “நம்ம மெஷின் தண்ணியா?” என்றாள். இனிமேல் சனிக்கிழமைக் கூட்டம் நடக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முடிவு தெரியாமலே அவள் போய்விடுவது நியாயமாகப் படவில்லை. “இல்ல ஜெனி. நாலு வாரமா நீ குடிச்சது வெறும் பச்சத் தண்ணி. வயர நாந்தான் கழட்டுனேன்” என்றேன். வயிற்று அமிலத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சுருக்கமாக, அவளுக்குப் புரிகிற மாதிரி, லாரி நகர்வதற்குள் சொல்லி முடித்தேன். அவள் கண்ணை நன்றாகத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டாள்.